நிலா எங்கேம்மா?

மலருக்கு,

அப்பாதான் எழுதுறேன். வாட்ஸ்அப்ல குரல் வராம லெட்டர் வந்திருக்கேன்னு பதறாத. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உங்கம்மா முட்டி வலியோட நல்லா இருக்கா, நான் என் வாயோட நல்லா இருக்கேன். இதை நேர்லயே சொல்லிடலாம்னு ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். ரெண்டு தடவையும் நீ "அப்பா, இப்ப அத பத்திப் பேச வேணாம்லா"ன்னு எழுந்து போயி, ஃபிரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னுட்ட. போன்ல சொன்னா நடுவுல வெட்டிடுவ. லெட்டரை வெட்ட முடியாது பாரு. தடிப் பேனாவா வாங்கி, பெரிய பெரிய எழுத்தா எழுதுறேன். பக்கம் நிறைய போகும். செங்காங்ல உன் வீட்டு சோபாவுல கால நீட்டி உட்காந்து நிதானமா படி.

விஷயம் இதுதான். ஸ்காட்லாந்து வேலையை நீ வேண்டாம்னு சொல்லப் போறதா உங்கம்மா வாய் தவறி உளறிட்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீஸ்ல பதில் சொல்லணுமாமே. ரெண்டு வருஷ வேலை, நீ ஆசைப்பட்டுக் கேட்ட வேலை, கிடைச்சதும் என்கிட்ட போன்ல கத்தின பாரு, காது கிழிஞ்சுது, அந்த வேலை. இப்ப வேண்டாமாம். காரணம் அப்பாவோட கண்ணாம். அதைக் கேட்டதுல இருந்து எனக்கு சோறு இறங்கல. என் கண்ணு எனக்கு என்னென்ன செஞ்சுதோ செஞ்சுது, உன் வாழ்க்கையில வந்து அது கை வைக்கக் கூடாது. அத சொல்லத்தான் இவ்வளவு பெரிய லெட்டர். ஆனா அதுக்கு முன்னாடி உனக்கு நான் ஒரு நன்றி சொல்லணும். அது இத்தனை நாளா தொண்டையிலயே நிக்குது.

நீ எனக்கு போன்ல செஞ்சு குடுத்த அந்த ஆப் எப்படிப் பிறந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். நான் ஸ்கூல் பஸ் ஓட்டுற ஆளு. விடியறதுக்கு முன்னாடியே முதல் பிள்ளையை ஏத்தணும். உனக்கு போன் பண்றப்பல்லாம் "நாளைக்கு எத்தனை மணிக்கும்மா விடியும்?"னு கேப்பேன். "நம்ம ஊர்ல வருஷம் பூரா ஏழு மணிதானப்பா"ன்னு முதல்ல நீயும் சொன்ன. நான் விடல. "போம்மா, பஸ் ஓட்டறவன்கிட்ட சொல்லாத. பிப்ரவரியில ஏழு தாண்டியும் கும்மிருட்டா இருக்கு, தீபாவளி முடிஞ்சா அதுக்கு முன்னாடியே பளிச்சுன்னு ஆயிடுது"ன்னேன். நீ தேடிப் பாத்துட்டு, "அட, ஆமாப்பா, அரை மணி நேரம் வித்தியாசம் இருக்கு!"ன்னு ஆச்சரியப்பட்ட. ஒரு சனி ஞாயிறு உட்காந்து நீயே செஞ்சு லிங்க் அனுப்பிட்ட. தொட்டா திறக்குது. சூரியன் எப்ப வரும், எப்ப போகும், நிலா எப்ப வரும், எப்ப மறையும், எந்தப் பக்கம் பாக்கணும்னு ஒரு அம்புக்குறி. என் மக எனக்காக வானத்தையே போன்ல இறக்கி வச்சுட்டான்னு தேக்கா கோப்பிக்கடையில காட்டாத ஆள் இல்ல. உங்கம்மாவுக்கும் அது வசதியாப் போச்சு. மதுரையில இருந்து உன் மாமா அனுப்புற காலண்டரை வச்சுக்கிட்டு, அங்க சூரியன் வர்ற நேரத்துக்குப் போட்ட ராகுகாலத்தை இங்க பாத்துக்கிட்டு, சரியா நிஜமான ராகுகாலத்துல வீட்டை விட்டுக் கிளம்பிட்டு இருந்தவ அவ. முப்பது வருஷமா அப்படித்தான். "அதான் எனக்கு உங்களக் கட்டி வச்சாங்க"ன்னு சொல்லிட்டு, காலண்டரை அன்னைக்கே கழட்டிட்டா.

எனக்கு அதுல முக்கியமா வேண்டியது மூணாம் பிறை. அமாவாசை கழிஞ்சு மெலிசா ஒரு கீத்து மேற்கால தெரியும் பாரு, அதை மாசாமாசம் பாத்துக் கன்னத்துல போட்டுக்கறது என் பழக்கம். பஸ் ஓட்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்து விட்டதில்ல. பிறையைப் பாத்த மாசம் வண்டியில ஒரு கீறல் விழாதுன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. நீ சிரிப்ப. சிரிச்சுக்க. நாப்பது பிள்ளைங்களைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு மழையில ஓட்டறவனுக்கு எதையாவது பிடிச்சுக்கணும். சாயங்காலம் வண்டியை விட்டுட்டு, நம்ம பிளாக் பக்கத்துல இருக்கிற மாடி கார்பார்க்ல மேல் தட்டுக்குப் போயிடுவேன். அங்க இருந்து பாத்தா புக்கிட் மேரா பூரா கீழ கிடக்கும், மேற்குப் பக்கம் மறைப்பே இல்ல.

அப்புறம்தான் என் புகார் ஆரம்பிச்சுது. முதல்ல எழுத்து சின்னதா இருக்குன்னேன். பெருசு பண்ணிக் குடுத்த. மறுபடி சின்னதா இருக்குன்னேன். "இதுக்கு மேல பெருசு பண்ணா ஸ்கிரீன்ல ஒரு எழுத்துதாம்பா நிக்கும்"னு சொல்லிக்கிட்டே பெருசு பண்ண. கோடெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு தெரியுது, ஒழுங்கா கோடு போடத் தெரியாதான்னு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். நீ வெள்ளைப் பின்னணியைக் கருப்பாக்கின, கருப்பை மஞ்சளாக்கின. ஆப் மட்டுமா? டவுன் கவுன்சில்காரன் புதுசா போட்ட விளக்கு மங்கல், பஸ்ஸோட முன்கண்ணாடி மட்டமான கண்ணாடி, லிட்டில் இந்தியாவுல மூக்குக்கண்ணாடி கடைக்காரன் ஏமாத்துப் பேர்வழி, ரெண்டு தடவை பவர் மாத்தியும் சரியில்ல. அந்தப் பையன் பாவம், "அண்ணே, இது பவர் பிரச்சின இல்ல, கண் டாக்டரைப் பாருங்க"ன்னுதான் சொன்னான். வியாபாரம் செய்யத் தெரியாதவன்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன். உலகத்துல எல்லாம் கெட்டுப் போச்சு, நான் ஒருத்தன்தான் சரியா இருக்கேன்னு திரிஞ்சிருக்கேன் பாரு.

பிறைக்கு வருவோம். ஒரு மாசம் தெரியல, மேகம்னு விட்டேன். அடுத்த மாசமும் மேகம். நம்ம ஊர் வானத்தை நம்ப முடியாது, சரி. அதுக்கும் அடுத்த மாசம் வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. அம்புக்குறி காட்டின பக்கம் நின்னேன், நின்னேன், கால் வலிக்க நின்னேன். ஒண்ணையும் காணோம். வந்துச்சு பாரு எனக்குக் கோபம்! உனக்கு போன் போட்டு, "என்னம்மா கம்ப்யூட்டர் படிச்ச? இல்லாத நிலாவை இருக்குன்னு காட்டுது. ஊரெல்லாம் பெருமையடிச்சுட்டேன், மானம் போகுது"ன்னு கத்திட்டேன். வேற யாரா இருந்தாலும் போயா கிழவான்னு போனை வச்சிருப்பாங்க. நீ பொறுமையா, "செக் பண்றேம்பா"ன்ன. ரெண்டு வாரம் ஆபீஸ் முடிஞ்சு வந்து கணக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்தியாமே. தப்பே கிடைக்கலையாம். கடைசியில, "அடுத்த பிறைக்கு நான் வரேன், சேந்து பாப்போம்"ன்ன.

நீ வந்த அன்னைக்கும் வானம் சுத்தம். உங்கம்மா சீரியல் பாக்க உட்காந்துட்டா, நாம ரெண்டு பேரும் மேல போனோம். கார்பார்க் மேல் தட்டுல தினமும் நடக்குற அந்த சீன அங்கிள் அன்னைக்கும் நடந்துக்கிட்டு இருந்தார். நீ போனைப் பிடிச்ச, அம்பு காட்டுச்சு. நான் இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "எங்க? நிலா எங்கேம்மா? காட்டு பாப்போம், உன் நிலாவைக் காட்டு"ன்னு நக்கலா கேட்டேன். நீ வானத்தைப் பாத்த. அப்புறம் என்னைப் பாத்த. மறுபடி வானத்தைப் பாத்த. "பாத்தியா, நான்தான் சொன்னேன்ல"ன்னு ஜெயிச்ச மாதிரி சொன்னேன். அப்பத்தான் அந்த அங்கிள் நம்ம பக்கத்துல வந்து நின்னு, தலையை நிமித்தி, "வாவ், டுடே மூன் சோ தின் ஆ, வெரி நைஸ்"ன்னுட்டு நடந்து போயிட்டார்.

எனக்கு அப்பவும் புத்தி வரல. கிழவனுக்குப் பார்வை சரியில்லன்னுதான் நினைச்சேன், சத்தியமா. நீ மெதுவா என் கையைப் பிடிச்சு, "அப்பா, இருக்குப்பா. நல்லாவே தெரியுது"ன்ன. கீழ இறங்கி வர்ற லிஃப்ட்ல நீ கேட்ட ஒரே கேள்வி, "காலையில பஸ்ஸைச் சேகர் மாமா ஓட்ட முடியுமா?" நான், "நான் லீவு போட்டாத்தானே அவன் ஓட்டுவான், இப்ப எனக்கு என்ன கேடு?"ன்னேன். அன்னைக்கு ராத்திரி நீ செங்காங் போகாம நம்ம வீட்லயே படுத்துட்ட. மக ஆசையா தங்குறான்னு உங்கம்மா உனக்குப் புட்டு வேற அவிச்சு வச்சா.

விடியக்காலையில எழுந்து குளிச்சு விபூதி பூசிட்டு வந்து பாத்தா, சாவி மாட்டுற இடத்துல சாவி இல்ல. நீ ஹால்ல உட்காந்திருக்க. "சாவி எங்க?"ன்னேன். "என்கிட்ட." "விளையாடாத. பிள்ளைங்க ரோட்டோரம் இருட்டுல நிப்பாங்க." "அதனாலதாம்பா தர மாட்டேன்"ன்ன. நீ சேகருக்கு ராத்திரியே போன் பண்ணி எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிட்டன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. எனக்கு வந்த ஆத்திரத்துல என்னென்ன பேசினேன்னு உனக்குத் தெரியும், அதைத் திரும்ப இங்க எழுத மாட்டேன். சம்பாதிக்கிற திமிருன்னு கூட ஒரு வார்த்தை வந்துச்சு. உங்கம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்து குறுக்க நின்னா. நீ அழுதுக்கிட்டே இருந்த, ஆனா சாவி இருந்த கைய மட்டும் பிரிக்கவே இல்ல. சின்னப் பிள்ளையில ஊசி போடக் கூட்டிட்டுப் போனா என் சட்டையை இறுக்கிப் பிடிப்பியே, அந்தப் பிடி.

அப்புறம் நீ கூட்டிட்டுப் போன கண் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா என் வலது கண்ணை மூடிட்டு, "அங்கிள், என் முகத்தைப் பாருங்க"ன்னாங்க. பாத்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு அழுக்குக் கறை. சுத்தி முடி தெரியுது, காது தெரியுது, சுவத்துல கடிகாரம் தெரியுது, நடுவுல முகத்தைக் காணோம். சர்க்கரை ஏறி ஏறிக் கண்ணுக்குப் பின்பக்கம் வீங்கி ரத்தம் கசிஞ்சிருக்காம். வலது கண்ணும் அதே வழியில போயிட்டு இருக்காம். ரெண்டு கண்ணும் ஒண்ணை ஒண்ணு சமாளிச்சதுல எனக்கே தெரியாமப் போச்சாம். அந்த நாற்காலியில உட்காந்துக்கிட்டே, டாக்டரம்மா முகத்துக்குப் பதிலா, இருட்டுல ரோட்டைக் கடந்து என் பஸ்ஸுக்கு ஓடி வர்ற ஒரு பிள்ளை முகத்தை அந்தக் கறையில வச்சுப் பாத்தேன். ஐயோ! ஒண்ணும் ஆகல. ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல. வெளியில வந்ததும் நீ தே ஓ கோசோங் வாங்கிக் குடுத்துட்டு, "அப்பா, நீங்க சொன்ன கம்ப்ளெயின்ட் ஒண்ணு கூட ஆப் பத்தினது இல்லப்பா. எனக்கு முன்னாடியே புரிஞ்சிருக்கணும்"னு என்கிட்ட மன்னிப்புக் கேட்ட. நீ! என்கிட்ட! நான் சர்க்கரை இல்லாத அந்தத் தேத்தண்ணியப் பாத்துக்கிட்டு உட்காந்திருந்தேன். அன்னைக்குச் சொல்லியிருக்க வேண்டியத இன்னைக்குச் சொல்றேன்.

நன்றிம்மா. சாவியை எடுத்து வச்சுக்கிட்டதுக்கு நன்றி. நான் கத்தினப்ப கைய விரிக்காம இருந்ததுக்கு நன்றி. உன் கணக்குல தப்பில்லன்னு தெரிஞ்சும், அப்பனைப் பைத்தியக்காரன்னு நினைக்காம, கூட வந்து பக்கத்துல நின்னு பாத்தியே, அதுக்கு ரொம்ப நன்றி. நம்ம வீட்டுல இந்த வார்த்தையை யாரும் யாருக்கும் சொல்லிக்கறதில்ல. உங்கம்மாகிட்ட ஒரு நாள் சொல்லிப் பாத்தேன், "உடம்புக்கு என்ன செய்யுது?"ன்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தா. நீ அப்படிப் பண்ணாம வாங்கிக்க. என் பஸ்ல ஏறின அத்தனை பிள்ளைங்களோட அப்பா அம்மா சார்பிலயும் சேத்து வாங்கிக்க. அவங்களுக்கு இது எதுவுமே தெரியாது, தெரியாமயே இருக்கட்டும்.

வண்டியை சேகரே எடுத்துக்கிட்டான். இப்ப பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம் பிளாக் கீழ பெஞ்சுல உட்காந்திருக்கேன், "பஸ் அங்கிள்!"னு கத்திட்டு ஓடுதுங்க. யாருன்னு முகத்தை வச்சுச் சொல்ல முடியல, குரலை வச்சுச் சொல்லிடுவேன். இதுவும் நல்லாத்தான் இருக்கு. முதல் மாசம் வீட்ல உட்காந்து உங்கம்மா உயிரை எடுத்தேன். இப்ப காய் நறுக்கிக் குடுக்குற அளவுக்குத் தேறிட்டேன். பெரிய பெரிய துண்டாதான் இருக்கும், சாம்பார் தப்பிச்சுது, பொரியல்தான் மாட்டிக்கிச்சு.

நேத்து உன் ஆப்ல நீ போகப் போற ஊரைப் போட்டுப் பாத்தேன். உங்கம்மா வாசிச்சுச் சொன்னா. டிசம்பர்ல காலையில எட்டரை தாண்டித்தான் சூரியன் வருதாம், சாயங்காலம் நாலு மணி ஆகறதுக்குள்ள ஓடிடுதாம். "இதென்ன ஊரு, சூரியன் அரை நாள் லீவு போடுது!"ன்னா அவ. அதே ஊர்ல ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சமாம், அத படிச்சுட்டு சமாதானமாயிட்டா. எனக்கும் கவலை இருக்கு, இல்லாம இல்ல. இங்க வருஷம் பூரா ஒரே மாதிரி வெளிச்சத்துல வளந்தவ நீ. அந்த இருட்டு மனசை என்னமோ பண்ணும்னு சொல்றாங்க. அதனால ஒண்ணு கேட்டுக்கறேன். போனா நீயும் என்னை மாதிரிதான் இருப்ப, எனக்குத் தெரியும், என் ரத்தம்தானே. கஷ்டம்னு சொல்ல மாட்ட. பஸ் லேட்டு, அரிசி சரியில்ல, பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் போடறான், ஆபீஸ்ல நாற்காலி சரியில்லன்னு சொல்லுவ. சொல்லு, நல்லா சொல்லு. நான் நாற்காலியைப் பத்தி விசாரிக்க மாட்டேன். "என்னம்மா ஆச்சு?"ன்னு கேப்பேன். அதை நான் உன்கிட்ட இருந்துதான் கத்துக்கிட்டேன்.

இனி உன் கண்ணு விவகாரத்துக்கு வரேன், ஏன்னா இப்ப அது உன்னோட கண்ணு மாதிரிதான் ஆயிடுச்சு. மாசாமாசம் அரை நாள் லீவு போட்டு, செங்காங்ல இருந்து வந்து, என்னை ஊசிக்குக் கூட்டிட்டுப் போற. கண்ணுக்குள்ள ஊசி போட்டுக்கிட்டு வந்ததும் நான் பிடிச்சுக்க ஒரு கை வேணும்னு வெளியில காத்துக்கிட்டு நிக்குற. நீ போயிட்டா யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னுதானே யோசிக்கிற? போன தடவை உனக்கு மீட்டிங்னு தெரிஞ்சதும், அம்மா வரான்னு உன்கிட்ட சொன்னேன்ல. அம்மா வரல. அவ முட்டியை வச்சுக்கிட்டு எங்க வருவா. நான் தனியாத்தான் போனேன். எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல ஒரு இடத்துல வழி கேட்டேன், ஒரு மலாய்க்காரப் பொண்ணு கடைசி வரைக்கும் கூட வந்து விட்டுட்டுப் போச்சு. ஊசி போட்டுக்கிட்டேன், டாக்ஸியில வந்துட்டேன், சாப்பிட்டுத் தூங்கிட்டேன். முடியுது.

சாயங்காலம் நீ போன் பண்ணி டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டப்ப, "நல்லா இருக்காம், தேறிட்டு வருதாம்"னு சொன்னேன். அது பாதிதான். வலது கண்ணு மேல கெடாம நின்னுடுச்சு, இனி ஊசியை விடாம பாத்துக்கிட்டா அது அப்படியே இருக்கும்னாங்க. இடது கண்ணைப் பத்தி நான் உனக்குச் சொல்லல. அது திரும்பி வராதாம். நான் ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னாங்க. நீ அது வரும்னு காத்துக்கிட்டு இருக்க, அது வந்ததும் போகலாம்னு இருக்க. அது வராதும்மா. நீ இங்க இருந்தாலும் வராது. உன் வேலையை அதுக்குப் பதிலா குடுத்தாலும் வராது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். இதை மடிச்சு வச்சதும், போறேன்னு எழுதி அனுப்பிடு. அனுப்பிட்டு எனக்கு போன் பண்ணு. போன தடவை கத்தின மாதிரியே கத்து.

அப்பா